மறுவாழ்வை அளப்பது எப்படி?

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலிருந்து பிரியும் தியாகராய சாலையில் போய், பாண்டி பஜார் கடைகளைத் தாண்டி, பனகல் பூங்காவுக்கு அப்பால் வடக்கு உஸ்மான் சாலைக்குள் நுழைந்தால் ரெப்கோ வங்கியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. நகைக் கடன் வாங்கவும் வைப்புத் தொகை போடவும் ரெப்கோ கிளைகளுக்குச் செல்லும் பலருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது தெரிந்திருக்காது. 'ரிபேட்ரியேட்ஸ்', அதாவது தாயகம் திரும்பியோர் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து சேர்ந்த நம் மக்கள் இங்கே காலூன்ற வேண்டும் என்பதற்காக, 1969-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கூட்டுறவு வங்கி. இதன் பங்குகளில் பெரும் பகுதி மத்திய அரசின் கையில். மேற்பார்வை செய்வது உள்துறை அமைச்சகம்.

வங்கி நன்றாகவே நடக்கிறது. லாபம் ஈட்டுகிறது, அரசுக்குப் பங்காதாயம் கொடுக்கிறது. 2000-ல் அது தொடங்கிய வீட்டுக் கடன் நிறுவனம் 2013-ல் பங்குச் சந்தைக்கும் போய்விட்டது. அப்படியானால், எந்த மக்களுக்காக வங்கி தொடங்கப்பட்டதோ அந்த மக்களும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமா? வங்கியின் ஆண்டறிக்கையில் இதற்குப் பதில் தேடுவது சரியல்ல. ஒரு வங்கி தன் வரவு செலவைத்தான் கணக்குக் காட்ட முடியும். ஆனால் ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நாம் செய்யும் சேவை பலன் தந்ததா என்று தெரிந்துகொள்ள எதை எண்ண வேண்டும் என்ற கேள்வி, அரசுக்கு மட்டுமல்ல, முகாம்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும் நம் பங்கு மக்களுக்கும் உரிய கேள்விதான்.

கொஞ்சம் பின்னோக்கிச் செல்வோம். 1964-ம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, நாடற்றவர்களாக ஆக்கப்பட்டிருந்த 9,75,000 பேரை இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். சொத்துப் பிரிப்பது போல மனிதர்களைப் பிரித்த கணக்கு இது என்று சொல்வதில் தவறில்லை. யாரிடமும் விருப்பம் கேட்டு எழுதப்பட்ட எண்கள் அல்ல அவை. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வந்த கப்பலில், 1984-ல் அந்தப் போக்குவரத்து நிற்கும் வரை, வந்து இறங்கியவர்கள் லட்சக்கணக்கானோர்.

இவர்களுக்கு இந்திய அரசு கையை விரித்துவிடவில்லை. இதை மறக்காமல் சொல்லியாக வேண்டும். புறப்படும் முன்பே கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை கொடுத்தது. எந்த மறுவாழ்வுத் திட்டம் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, பிறகு குறித்த ஊருக்குப் போக வேண்டும். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், கன்னியாகுமரியில் ரப்பர் தோட்டம், நூற்பாலை வேலை எனப் பல திட்டங்கள் இருந்தன. ஆனால் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன், குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வரை.

இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது. கடன் கொடுக்கப்பட்டதும் கோப்பில் அந்தக் குடும்பத்தின் வேலை முடிந்துவிட்டது. எத்தனை குடும்பங்களுக்குக் கடன் கொடுத்தோம் என்பதே எத்தனை குடும்பங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தோம் என்பதற்கான விடையாகவும் ஆனது. உண்மையில் நடந்தது என்ன? கொழுந்து பறித்தே பழகிய கைகள் அவை. கடை நடத்தி அவர்களுக்குப் பழக்கமில்லை. அனுப்பப்பட்ட ஊரில் தெரிந்த முகம் இல்லை. கடன் பணத்தில் ஒரு பகுதியை இடைத்தரகர்கள் தின்றார்கள், மீதி சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் போனது. சமவெளி மாவட்டங்களில் குடியேற்றப்பட்ட குடும்பங்களில் பல, மூட்டை முடிச்சோடு மறுபடியும் மலை ஏறின. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய், தெரிந்த தேயிலை வேலையைக் கூலிக்குத் தேடிக்கொண்டன. கொடைக்கானல் மலையில் சிலர் கொத்தடிமைகளாகவும் சிக்கினார்கள்.

ஊரைவிட்டுப் போன குடும்பம் எந்தக் கணக்கில் வரும்? கடன் பெற்ற ஊரில் அது 'மறுவாழ்வு பெற்ற' குடும்பம். போய்ச் சேர்ந்த மலையில் அது பெயரில்லாத கூலிக் குடும்பம். ஒரு சேவையின் தோல்வி அதன் பதிவேட்டில் தெரியாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். தோற்றவர்கள் பதிவேட்டைவிட்டே வெளியேறிவிடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்களை மட்டும் எண்ணினால் திட்டம் எப்போதும் வெற்றியாகவே தெரியும்.

அதே நேரத்தில் நீலகிரிக்குப் போய் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர்களைப் பாருங்கள். 1968-ல் அரசுத் துறையாகத் தொடங்கி 1976-ல் கழகமாக மாறிய 'டான்டீ', அவர்களுக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்தது, குடியிருக்க வீடும் கொடுத்தது. பள்ளிகள் வந்தன, கோயில்களும் ஆலயங்களும் எழுந்தன. 1980-ல் யாராவது மதிப்பெண் போட்டிருந்தால் இந்தத் திட்டத்துக்கு முதல் பரிசு. ஆனால் வீடு வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். கழகம் நட்டத்தில் விழுந்து, 2022-ல் அதன் நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, வயதான தொழிலாளர்கள் "இனி நாங்கள் எங்கே போவது?" என்று கேட்டார்கள். கப்பலைவிட்டு இறங்கியபோது கேட்ட அதே கேள்வி. மறுவாழ்வை எந்த ஆண்டில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் விடை மாறிவிடுகிறது, இல்லையா?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஆஸ்திரேலியாவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு அரசு இலவசமாக ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறது. நம் ஈழத் தமிழர் பலரும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள். ஒருவருக்கு 510 மணி நேரம் என்று நீண்ட காலம் வரம்பு இருந்தது. மணி நேரத்தை எண்ணுவது எளிது. ஆனால் நம் கிராமத்தில் எழுத்தறியாமல் இருந்த ஒரு தாய்க்கும், இங்கே பட்டம் பெற்றுவிட்டுப் போன ஒரு பொறியாளருக்கும் அதே 510 மணி போதுமா? 2021-ம் ஆண்டில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். எத்தனை மணி உட்கார்ந்தார் என்பதற்குப் பதிலாக, எந்த நிலைவரை பேச வருகிறது என்பதை அளவுகோலாக்கினார்கள்.

அமெரிக்காவில் வேறு விதம். அங்கே அகதிகளைக் குடியமர்த்திய நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகள் ஓர் இலக்கு இருந்தது. ஒரு முக்கியத் திட்டத்தில், அகதி 180 நாட்களுக்குள் அரசு உதவியின்றிச் சொந்தக் காலில் நிற்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாள் எண்ணத் தொடங்கியதும், கிடைத்த முதல் வேலையில் ஆளைச் சேர்ப்பதுதான் நிறுவனத்துக்கு லாபம். சொந்த நாட்டில் மருத்துவராகவோ ஆசிரியராகவோ இருந்தவர் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் நின்றாலும் கட்டத்தில் 'வெற்றி' என்று குறி விழுந்துவிடும். அவர் தம் தொழிலுக்குத் திரும்ப இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்றால், அது அந்த 180 நாளுக்குள் அடங்காது. அளவுகோலைக் கவனமின்றி வைத்தால் சேவையே அதற்கேற்ப வளைந்துவிடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

பிரிட்டனில் 2004-ல் அலஸ்டர் ஏகர், அலிசன் ஸ்டிராங் என்ற இரு ஆய்வாளர்கள் அந்நாட்டு உள்துறைக்காக ஒரு சட்டகத்தை உருவாக்கினார்கள். அகதி ஒருவர் புதிய சமூகத்தில் இணைந்துவிட்டாரா என்று பார்க்கப் பத்துத் துறைகளை அதில் சொன்னார்கள். வேலை, வீடு, கல்வி, உடல்நலம் என்ற நான்கும் எல்லாருக்கும் தோன்றக்கூடியவை. அவர்கள் அதோடு நிற்கவில்லை. தம் மக்களோடு உள்ள உறவு, அண்டை அயலாரோடு உள்ள உறவு, அரசு அலுவலகங்களோடு உள்ள தொடர்பு, மொழி, பாதுகாப்பு ஆகியவற்றையும் சேர்த்தார்கள். இவை அனைத்துக்கும் அடியில், கட்டடத்தின் கடைக்கால் போல, உரிமைகளையும் குடியுரிமையையும் வைத்தார்கள்.

இந்தச் சட்டகத்தை நம் தமிழ்நாட்டு முகாம்கள் மேல் வைத்துப் பார்ப்போம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கையிலிருந்து இங்கு வந்தார்கள். 2021-ல் தமிழக அரசு சட்டப்பேரவையில் தந்த கணக்கின்படி 58,822 பேர் 108 முகாம்களிலும், 34,087 பேர் காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு முகாம்களுக்கு வெளியேயும் வாழ்ந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. சிதைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது, மாத உதவித் தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,000-லிருந்து 1,500 ரூபாயாக உயர்த்துவது போன்றவை அதில் இருந்தன. 'அகதிகள் முகாம்' என்ற பெயரே 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 2022 செப்டம்பரில் திண்டுக்கல் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. பத்துக்குப் பத்து அறையில், தகரக் கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை படுத்துறங்கியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வீடு எவ்வளவு பெரிய காரியம் என்று. அதைச் சிறிதாக்கிப் பேசக்கூடாது.

ஆனால் கடைக்கால்? முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, கல்லூரிப் பட்டமும் பெற்ற இளைஞர் பலர் கடைசியில் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, பாஸ்போர்ட் கிடையாது. வேலை தேடி வெகுதூரம் போனாலும் மாதந்தோறும் பதிவுச் சோதனை நாளில் முகாமில் இருந்தாக வேண்டும். பட்டதாரிகள் எத்தனை பேர் என்று எண்ணினால் பெருமையாக இருக்கும். படித்த படிப்புக்கு வேலை கிடைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால் கை விரல்களே போதும் என்ற நிலைதான் பல முகாம்களில்.

குடியுரிமை விஷயத்தில் சட்டம் முற்றிலும் மூடிக் கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்பது குடியுரிமைச் சட்டம். மண்டபத்தில் 1985-ல் பிறந்த குழந்தைக்கும் இது பொருந்தும். இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழி திறந்தது. அதே ஆண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. குற்றவாளியாகப் பார்க்கப்பட மாட்டார்கள் என்பது ஆறுதல். குடிமக்களாக ஏற்கப்படுவது வேறு விஷயம். எனவே மறுவாழ்வுத் துறையின் அறிக்கையில் வீடுகள், உதவித் தொகை என்ற தலைப்புகளுக்கு அருகே, 'இவ்வாண்டு எத்தனை பேரின் சட்டநிலை மாறியது' என்ற ஒரு தலைப்பும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அங்கே பூஜ்யம் என்று எழுத வேண்டியிருந்தாலும் எழுதட்டும்.

நம் பக்கத்துக்கும் வருவோம். வியட்நாமியப் படகு மக்களின் துயரைக் கண்டு 1980 நவம்பரில் அருட்தந்தை பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களிலும் மாலைநேரக் கல்வி மையங்களை நடத்தி வந்திருக்கிறது. வேறு பல துறவற சபைகளும் பங்குகளும் தையல் வகுப்பு, கணினி வகுப்பு என்று செய்கின்றன. நன்கொடையாளருக்கு அறிக்கை அனுப்பும்போது வருகைப் பதிவேட்டை எடுத்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். அதை விட்டுவிட வேண்டாம். கூடவே சிறிது வேலை சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பு முடிந்து ஓராண்டு கழித்து அதே பெண்களைப் பார்த்து, தையல் இயந்திரம் இன்னும் வீட்டில் இருக்கிறதா, அல்லது அடகுக் கடையில் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்பவர் வகுப்பு நடத்திய சகோதரியாக இருக்கக்கூடாது. அவர் முகத்துக்கு நேராக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகாமுக்கு வெளியே யாருடைய கதவைத் தட்டுவீர்கள் என்றும் கேட்கலாம். அண்டை ஊரில் ஒரு பெயராவது சொல்ல முடிகிறதா என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் நின்றவர்களின் பட்டியல் ஒன்று வேண்டும். மூன்றாம் வாரத்தோடு வராமல் போன பெண்ணின் வீட்டுக்கு ஒருவர் நடந்து போய், ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். கணவர் விடவில்லையா, கூலி நாள் போய்விடுகிறதா, அல்லது வகுப்பே அவருக்குப் பயனில்லையா? வியாபாரக் கடனை வாங்கிக்கொண்டு மலையேறிப் போன குடும்பங்களின் வீட்டுக்கு அன்று யாராவது அப்படிப் போய்க் கேட்டிருந்தால், அடுத்த கப்பலில் வந்தவர்களின் குடும்ப அட்டையில் வேறு ஏதாவது எழுதியிருப்பார்கள்.