‘ஹை’ என்றால் சம்மதமா?

பாட்டி கதை சொல்லும்போது குழந்தைகள் ‘உம்’ கொட்டுவது வழக்கம். ‘உம்’ கொட்டும் குழந்தைக்குக் கதை முழுவதும் விளங்கிவிட்டது என்று எந்தப் பாட்டியும் எண்ணுவதில்லை. “நான் தூங்கிவிடவில்லை பாட்டி, மேலே சொல்லு!” என்பதே அதன் பொருள். ஜப்பானியரின் பேச்சிலும் இதே வேலையைச் செய்யும் சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘ஹை’. அகராதியைப் புரட்டினால் ‘ஆம்’ என்று அர்த்தம் போட்டிருக்கும். ஆனால் ஒருவர் பேசப் பேச மற்றவர் ‘ஹை, ஹை’ என்று தலையை அசைத்தால், ‘தாங்கள் சொல்வது காதில் விழுகிறது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

இந்தச் சின்னஞ்சிறு சொல்லின் அடியில் ஒரு பெரிய சங்கடம் மறைந்து கிடக்கிறது. அயல் தேசத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தொழில் பழகும் பெண்ணுக்கும், அவளுக்குப் பழக்கிக் கொடுக்கும் தலைமைத் தாதிக்கும் இடையே மூளும் மனஸ்தாபந்தான் அது. இது எங்கேயோ நடக்கும் கதை என்று நேயர்கள் தள்ளிவிட வேண்டாம். 2021-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, நம் நாட்டு இளைஞர்களும் பெண்களும் தொழில் தேர்ச்சி பெற்று அங்கே வேலைக்குச் செல்லலாம். அவ்வாறு செல்லக்கூடிய தொழில்களில் நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் தொழிலும் ஒன்று. நமக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர்களின் அநுபவத்தைத் தெரிந்துகொள்வது நமக்குப் பெரிதும் பயன்படும்.

வந்தவர்கள் யார்?

இந்தோனேஷியாவிலிருந்து 2008-ம் வருஷத்திலும், பிலிப்பைன்ஸிலிருந்து 2009-ம் வருஷத்திலும், வியத்நாமிலிருந்து 2014-ம் வருஷத்திலும் தாதிகளையும் முதியோர் பராமரிப்பாளர்களையும் ஜப்பான் வரவழைக்கத் தொடங்கியது. நாடுகளுக்கிடையே செய்துகொண்ட பொருளாதார உடன்படிக்கைகளின் ஒரு பகுதி இது. ‘ஆள் பஞ்சத்துக்காக அல்ல, பொருளாதார உறவை வலுப்படுத்தவே’ என்று ஜப்பானிய சர்க்கார் சொல்லிற்று. முதியவர்கள் பெருகி இளையவர்கள் அருகிவரும் நாட்டில், ஆஸ்பத்திரிக்காரர்களின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் வந்த இந்தோனேஷியக் கோஷ்டியில் 208 பேர் இருந்தார்கள். அவர்களில் சரிபாதியினர் தாதிகள். சொந்த நாட்டில் முறையாகப் படித்துத் தேறி, குறைந்தது இரண்டு வருஷமாவது நோயாளிகளிடையே பணி செய்தவர்கள். ஆயினும் ஜப்பான் மண்ணில் கால் வைத்ததும் அவர்கள் மறுபடியும் மாணவிகளாகிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குள் அந்நாட்டுத் தாதிப் பரீட்சையில் ஜப்பானிய பாஷையிலேயே தேற வேண்டும். பரீட்சை வருஷத்துக்கு ஒரு முறைதான். தேறும் வரையில் ஊசி போடக்கூடாது. சோறு ஊட்டலாம், குளிப்பாட்டலாம், படுக்கை விரிப்பை மாற்றலாம். மூன்று முறையும் தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஊரில் வார்டையே நிர்வகித்தவள் இங்கே விரிப்பை மடித்துக்கொண்டு நின்றால், அவள் மனம் என்ன பாடு படும்? அதையும் வாய் திறந்து சொல்ல அவளுக்குப் பாஷை இல்லை.

கஞ்சியும் இரட்டைக்கிளவியும்

ஜப்பானியர் தம் பாஷையை எழுதச் சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துக்களையும் உபயோகிக்கிறார்கள். அவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கஞ்சி’. நம் வீட்டுக் கஞ்சியைப் போல் இது தொண்டையில் எளிதாக இறங்குவதன்று. அன்றாட உபயோகத்துக்கென்று அந்த சர்க்கார் வகுத்த ஜாபிதாவிலேயே 2136 எழுத்துக்கள் இருக்கின்றன. வைத்தியப் புஸ்தகங்களில் அந்த ஜாபிதாவுக்கு அப்பாற்பட்டவையும் வரும். நெடுநாள் படுத்திருப்பவர் முதுகில் உண்டாகும் படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். நோயாளி அதைத் ‘தொகோஸுரே’ என்பார். புஸ்தகமோ அதை ‘ஜொகுஸோ’ என்னும். எழுத்தோ ஜப்பானியரே தடுமாறும் எழுத்து. இரண்டும் ஒரே புண் என்பதை அறிந்தால்தான் நோயாளியிடமும் பேசலாம், பரீட்சையிலும் தேறலாம்.

எழுத்தாவது புஸ்தகத்தில் அசையாமல் இருக்கும். நோயாளியின் வாயிலிருந்து வரும் சொல் அப்படி நிற்குமா? நமக்குத் தலைவலி வந்தால் ‘விண் விண் என்று தெறிக்கிறது’ என்கிறோம். ‘சுருக் சுருக்கென்று குத்துகிறது’ என்கிறோம். இவற்றை நம் இலக்கணக்காரர்கள் இரட்டைக்கிளவி என்றார்கள். ஜப்பானியப் பாட்டிகளும் நம் பாட்டிகளைப் போலவே தம் நோவை இரட்டைக்கிளவியில்தான் சொல்வார்கள். ‘ஜுகி ஜுகி’ என்றால் விண் விண் என்ற தெறிப்பு. ‘சிகு சிகு’ என்றால் ஊசிக் குத்தல். ‘ஷிகு ஷிகு’ என்றால் வயிற்றில் மந்தமாக, விடாமல் இருக்கும் நோவு. ஓரெழுத்துப் பிசகினால் வயிற்று நோவு ஊசிக் குத்தலாகிவிடும்! மேஜைக்கு முன் உட்கார்ந்து ஆறு மாதம் இலக்கணம் படித்தவளுக்கு இவையெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரு காலை நேரம்

இப்பொழுது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். காலை வேளை. வார்டில் வேலை மாறும் நேரம். தலைமைத் தாதி நாலு காரியங்களை ஒரே மூச்சில் சொல்லுகிறாள். ஒவ்வொன்றுக்கும் அயல் நாட்டுப் பெண் பணிவுடன் ‘ஹை’ என்கிறாள். மூன்று காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றன. நாலாவது, கடைசிக் கட்டிலில் படுத்திருக்கும் கிழவருக்குப் பரிசோதனை முடியும் வரையில் ஆகாரம் கொடுக்கக் கூடாது என்பது. அவளோ சிரித்த முகத்துடன் அவருக்குக் காலைச் சாப்பாட்டை ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

“சொன்னபோது ‘ஹை’ என்றாயே!” என்று தலைமைத் தாதி சீறுகிறாள்.

பெண் மறுபடியும் ‘ஹை’ என்கிறாள்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாகிறது. ‘புரியாததைப் புரிந்ததாகச் சொல்லி ஏமாற்றுகிறாள்’ என்று இவள் நினைக்கிறாள். ‘பெரியவர்கள் பேசும்போது குறுக்கே கேட்பது மரியாதையில்லை என்று எண்ணினேன், அதற்கா எல்லார் முன்னிலையிலும் இந்த அவமானம்?’ என்று அவள் நினைக்கிறாள். இதற்கு நடுவே, ஜப்பானியத் தொழிற்சாலைகளிலும் காரியாலயங்களிலும் பெயர் பெற்ற விதி ஒன்று இருக்கிறது. செய்ததை அறிவி, மாறியதைத் தெரிவி, சந்தேகத்தைக் கலந்து பேசு என்பது அது. மூன்று சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘ஹோரென்ஸோ’ என்று அவர்கள் உண்ணும் ஒரு கீரையின் பெயர் வரும். அந்த நாட்டில் வேலைக்குச் சேரும் எந்தப் பையனுக்கும் இந்தக் கீரைப் பாடம் தெரியும். கடல் கடந்து வந்தவளுக்கு அதை யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அல்லவா?

தலைமைத் தாதியைக் கொடியவள் என்று தீர்ப்புச் சொல்லிவிட நாம் விரும்பவில்லை. அவள் தாதித் தொழில் படித்தவள். அந்நியருக்குப் பாஷை கற்பிக்கப் படித்தவள் அல்ல. கட்டில்களின் எண்ணிக்கையும் நோயாளிகளின் முனகலும் அவளுக்குக் குறையவில்லை. அவற்றின் மேல் இதையும் ஏற்றியிருக்கிறார்கள். கிழவருக்கு ஏதாவது நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான். இரண்டு பேரும் நல்லவர்கள். ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடல்ல.

பரீட்சை சொன்ன பாடம்

அந்த ஏற்பாட்டின் லட்சணத்தைப் பரீட்சையே அம்பலப்படுத்திற்று. 2009-ம் வருஷத்தில் 82 பேர் எழுதினார்கள். ஒருவர்கூடத் தேறவில்லை. 2010-ல் 254 பேர் எழுதி 3 பேர் தேறினார்கள். அதே பரீட்சையில் மொத்தத்தில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் தேறியிருந்தார்கள். வந்தவர்களெல்லாம் தொழில் தெரியாதவர்களா? அப்படியானால் அவர்கள் ஊரில் அத்தனை காலம் நோயாளிகளைப் பார்த்தது எப்படி? கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது என்பதே வாஸ்தவம்.

ஜப்பானில் இதைப் பற்றிப் பலத்த விவாதம் எழுந்தது. நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பெயரையும் கொடுத்தார்கள். கடினமான சொற்களை எளிதாக்கினார்கள். 2013-ம் வருஷப் பரீட்சையிலிருந்து ஒவ்வொரு சித்திர எழுத்தின் தலையிலும் அதன் உச்சரிப்பைச் சிறு எழுத்தில் அச்சிட்டார்கள், நேரத்தையும் 1.3 மடங்காக நீட்டினார்கள். முதலில் வந்தவர்கள் நிபந்தனையுடன் மேலும் ஒரு வருஷம் தங்கவும் அநுமதி கிடைத்தது. 2012-ல் 415 பேரில் 47 பேர் தேறினார்கள். முன்னேற்றந்தான், ஆனால் போதிய முன்னேற்றமென்று யார் சொல்லுவார்கள்?

எல்லாவற்றிலும் பெரிய பாடத்தைக் கற்பித்தது வியத்நாம். அந்நாட்டவர் விஷயத்தில் ஆரம்பத்திலேயே ஓர் ஒழுங்கு செய்தார்கள். புறப்படுவதற்கு முன் தம் ஊரிலேயே 12 மாதம் ஜப்பானிய பாஷை படிக்க வேண்டும், அதில் நடுத்தரமான ஒரு பரீட்சையில் தேற வேண்டும், பிறகுதான் பிரயாணம். 2018-ம் வருஷத்தில் முதியோர் பராமரிப்புப் பரீட்சையை அவர்கள் முதன்முறையாக எழுதியபோது நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவர்கள் தேறினார்கள். அதே பரீட்சையில் மற்ற இரண்டு நாட்டவரில் நூற்றுக்கு 40 பேர்கூடத் தேறவில்லை. வியத்நாமிய பாஷையில் சீனச் சொற்கள் மிகுதியாகக் கலந்திருப்பதும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீந்தக் கற்றுக்கொடுத்துவிட்டு ஆற்றில் இறக்குவதற்கும், ஆற்றில் தள்ளிவிட்டு நீந்தச் சொல்லுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் மறுக்க முடியாது.

சுமையை யார் சுமப்பது?

“இவ்வளவு தொல்லை எதற்கு? ஆங்கிலத்திலேயே பரீட்சை வைத்துவிட்டால் என்ன?” என்று சில நேயர்கள் கேட்கலாம். கட்டிலில் கிடக்கும் பாட்டி ஆங்கிலத்திலா முனகுவாள்? தவிரவும் ஜப்பானியர் வைத்திய சாஸ்திரத்தைத் தம் பாஷையில் கொண்டுவரப் பாடுபட்டவர்கள். ஸுகிதா கென்பாகு என்ற வைத்தியரும் அவருடைய நண்பர்களும் டச்சு பாஷையிலிருந்த உடற்கூற்று நூல் ஒன்றைத் தக்க அகராதியின் உதவியில்லாமலே மொழிபெயர்த்து 1774-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். நரம்புக்கு இன்று ஜப்பானியர் வழங்கும் சொல் அவர்கள் அன்று உண்டாக்கியதுதான். தாய்ப் பாஷையில் வைத்தியம் நடக்கும் தேசத்தைக் கண்டு நாம் குறை சொல்லலாமா? பாராட்டவே வேண்டும்.

எந்த நாட்டிலும் வைத்தியம் நோயாளியின் பாஷையைப் பேசித்தான் ஆக வேண்டும். அப்படிப் பேசவைக்கும் சுமையை யாராவது ஒருவர் சுமக்க வேண்டும். நம் தமிழ் உலகத்திலேயே இதற்கு ஓர் அருமையான திருஷ்டாந்தம் உண்டு. சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847-ம் வருஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியமும் செய்தார், வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தாமே தமிழைக் கற்று, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, 1860-களில் தமிழிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். அவரிடம் பயின்று வைத்தியர்களானவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள். மாணவனுடைய பாஷையை ஆசிரியர் கற்றுக்கொண்ட விந்தை அது!

மானிப்பாயில் ஆசிரியரே சுமையைத் தோளில் ஏற்றுக்கொண்டார். ஜப்பானில் முதலில் அதை முழுவதும் மாணவியின் தலையில் ஏற்றினார்கள். அவள் தள்ளாடியதைப் பார்த்துத் தலைமைத் தாதிக்குக் கோபம் வந்தது. பிறகு அநுபவப்பட்டு, ஊரிலே பாதி, பரீட்சையிலே பாதி என்று பங்கிட்டார்கள். மிச்சமிருப்பது வார்டிலே சுமக்க வேண்டிய பங்கு. ‘புரிந்ததா?’ என்று கேட்டால் உலகத்தில் எல்லாரும் ‘ஹை’ என்றுதான் சொல்லுவார்கள். ‘நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு, பார்க்கலாம்’ என்று அன்பாகக் கேட்கும் தலைமைத் தாதிக்கு உண்மை அப்போதே தெரிந்துவிடும். இதற்குச் செலவு அரை நிமிஷம். மிச்சப்படுவது ஒரு கிழவரின் உயிராகவும் இருக்கலாம்.

நம் வீட்டுப் பெண்களை அனுப்பப்போகும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன், புறப்படுமுன் எத்தனை மாதம் பாஷை கற்பிப்பார்கள் என்று விசாரியுங்கள். அங்கே போன பிறகு படிப்புக்கு நேரம் ஒதுக்குவார்களா, வேலை முடிந்து களைத்த கண்களோடுதான் படிக்க வேண்டுமா என்று கேளுங்கள். பழக்கிக் கொடுப்பவரோடு மனஸ்தாபம் வந்தால் முறையிட மூன்றாவது மனிதர் ஒருவர் உண்டா என்றும் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்காத இடத்துக்கு அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம்.

பெட்டியில் ஊறுகாய் ஜாடியையும் கம்பளிச் சட்டையையும் வைக்கும்போது, கூடவே ஒரு ஜப்பானியச் சொல்லையும் வைத்து அனுப்புங்கள். ‘வகரிமஸென்’ என்பது அது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று அர்த்தம். பெரியவர்கள் முன்னால் அப்படிச் சொல்லக் கூசும்படிதான் நாம் நம் பெண்களை வளர்த்திருக்கிறோம். அந்தக் கூச்சத்தை இங்கேயே, நம் வீட்டுக் கூடத்திலேயே, போக்கிவிட்டு அனுப்புவோம். நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, ‘ஹை’ என்று நூறு தரம் சொல்லுவதைவிட, ‘வகரிமஸென்’ என்று ஒரு தரம் தைரியமாகச் சொல்லுவதே பெருமை.