சிறுபொழுதும் நகைச்சுவைத் தொடரும்

தொல்காப்பியர் மாலையை முல்லைக்கும் யாமத்தைக் குறிஞ்சிக்கும் உரிய சிறுபொழுதாக வகுத்தார். தொலைக்காட்சி நிலையத்தாரும் பொழுதை வகுக்கின்றனர். ஆயின் கடிகாரங் கொண்டு. நாகூரில் மஃரிபுத் தொழுகை ஞாயிற்றின் மறைவைத் தொடர்வது. அம்மறைவோ ஏறத்தாழ 5.45 மணிக்கும் 6.35 மணிக்கும் இடையே ஆண்டுதோறும் பெயர்வது. மாலை 6.30 மணிக்கு நகைச்சுவைத் தொடரொன்று ஒளிபரப்பாகிறது எனக் கொள்வோம். கார்த்திகையில் அது தொழுகைக்குப் பின் வரும். ஆனியில் தொழுகையோடு மோதும். தொடர் ஒன்றே, காண்போர் தொகை வேறு.

2015 முதல் பார்க் நிறுவனம் மாதிரி வீடுகளில் கருவி பொருத்திப் பார்வையை அளந்து வருகிறது. வீட்டார் பாராமையை அக்கருவி காட்டும். பாராமைக்குக் காரணம் நகையின் வறட்சியோ பொழுதின் பொருந்தாமையோ என்பதைக் காட்டாது. நாகூர் ஒன்றே தமிழகக் கணக்கைத் திருப்பிவிடாதுதான். எனினும், ஆனிக் குறைவை மட்டும் நோக்கித் தொடரை நிறுத்துதல் முறையன்று என்பதே எம் கருத்து.