சிலந்தியை வெல்லும் குளவி

போடிநாயக்கனூர், பொட்டிபுரம் வட்டாரத்து வீட்டுச் சுவர்களிலும், மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலும் குளவியின் மண்கூட்டைக் காணாதார் இலர். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் முன்னோர் மொழி. அக்கூட்டினுள் உண்மையில் நிகழ்வது யாது?

மண்கூடு கட்டும் குளவிகளுள் ஒன்றுக்கு, டென்மார்க் நாட்டு அறிஞர் பப்ரீசியஸ் 1781 ஆம் ஆண்டில் மதராஸ் பட்டினத்தின் பெயரையே இட்டார். அது ஈரமண்ணால் அறைகள் அமைத்து, சிலந்திகளைக் கொட்டிக் கொணர்ந்து நிரப்பி, முட்டையிட்டு வாயை அடைத்துவிடுகிறது. கொட்டுண்ட சிலந்தி பெரும்பாலும் உடனே சாவதில்லை; அசைவற்றுக் கிடக்கிறது. ஆதலின் இரை அழுகுவதில்லை. முட்டையிலிருந்து வரும் புழு அதனை உண்டு வளர்ந்து குளவியாகிறது. சிலந்தி குளவியாக மாறவில்லை, குளவிக்கு உணவாயிற்று.

வேறொரு குடும்பத்துக் குளவிகள், நச்சுப்பல் கொண்ட பெருஞ்சிலந்தியையும் அஞ்சாது எதிர்க்கும். ஒரு குழி, ஒரு சிலந்தி, ஒரு முட்டை என்பது அவற்றின் முறை. இன்னும் சில குளவிகள் சிலந்தியின் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இட்டுவிடுகின்றன.

நம் நெசவாளர் வியக்கத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. கோஸ்ட்டா ரிக்கா நாட்டில் ஒரு குளவியின் புழு, சிலந்தியின் உடல்மேல் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது. சிலந்தி தான் இறக்கவிருக்கும் இரவில், வழக்கமான வலையை விடுத்து, புழுவின் கூட்டைத் தாங்கத்தக்க வலுவான வேறொரு வலையைப் பின்னுகிறது! இதனை எபர்ஹார்டு என்னும் அறிஞர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இவற்றால் நாம் அறியத்தக்கது என்ன? ஏறக்குறைய எல்லாச் சிலந்திகளுக்கும் நஞ்சு உண்டு. மனிதருக்குத் தீங்கு செய்வன மிகச் சிலவே. பூச்சிகளைத் தின்னும் சிலந்தி நமக்கு உதவியே செய்கிறது. அதன் பெருக்கத்தைக் குளவி மட்டுப்படுத்துகிறது. எனவே, சிலந்திக்கு அஞ்சி மருந்து தெளிக்கத் தேவையில்லை. ஏலச்செடியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை அழிக்கும் குளவிகளும் உள்ளன. கண்டபடி தெளிக்கும் மருந்து இவற்றோடு, ஏலப்பூவைக் காயாக்கும் தேனீயையும் கொன்றுவிடும்.

ஆகவே, செடியைச் சோதித்துப் பூச்சியின் அளவைக் கண்ட பின்னரே மருந்தை நாடுக. தேனீக்கள் பூவில் மேயும் வேளையில் தெளித்தலைத் தவிர்க்க. மண்கூடுகளை இடிக்காது விடுக. கூட்டமாய் வந்து தாக்கும் கதண்டு வேறு. தனித்து வாழும் மண்குளவி, பிடித்தாலன்றி மனிதரைக் கொட்டுவது அரிது.

குளவி எல்லைக்கல் அறியாது. ஒருவர் காத்ததை அடுத்த தோட்டத்தார் தெளிக்கும் மருந்து அழித்துவிடக்கூடும். அக்கம்பக்கத்தார் கலந்து பேசி ஒன்றாய் நடந்தாலே பயன் கிட்டும். இதுவும் கூட்டுறவே அன்றோ!