வீங்கிய கையை நீவலாகாது

உறக்கத்தில் கை அமுங்கியிருக்கும், பளு தூக்கியதில் சுளுக்கு விழுந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, எண்ணெயைக் காய்ச்சித் தடவுவதும், சுளுக்கு வழிப்பவரைத் தேடிப்போவதும் நம் குடும்பங்களில் நெடுங்கால வழக்கம். ஆனால் ஒரு கை மட்டும் வீங்கி, கனத்து, தோல் நீலம் பாரித்து, தோளிலும் மார்பின் மேற்புறத்திலும் சிரைகள் புடைத்துத் தோன்றுமானால், அதைச் சுளுக்கென்று அலட்சியம் செய்தல் பெரும் அபாயத்திற்கு இடந்தரும். ஏனெனில் கையின் ஆழத்தில் ஓடும் சிரையில் இரத்தம் உறைந்து வழியை அடைத்திருக்கக்கூடும்.

கையிலிருந்து இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெரிய சிரைகள், அக்குளின் வழியாக ஏறி, காறையெலும்பிற்கு அடியிற் புகுந்து செல்கின்றன; அவ்வழியில் இரத்தக்கட்டி விழுந்தால், மடை அடைபட்ட வாய்க்காலில் நீர் தேங்குவதுபோல இரத்தம் கையிலே தேங்கி நிற்கிறது. சிரையில் உண்டாகும் கட்டி பெயர்ந்துபோய் நுரையீரலை அடைக்கவல்லது என்பதை ருடால்ஃப் விர்ச்சோ என்னும் ஜெர்மானிய வைத்திய அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிக் காட்டினார். காலில் உண்டாகும் கட்டியைவிடக் கையில் உண்டாகும் கட்டியால் இது நேர்வது குறைவேயாயினும், நேரும்போது பிராணனுக்கே ஆபத்து. ஆகையினால்தான் சந்தேகத்திற்கிடமான கையை அழுத்தி நீவலாகாது.

ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்தவர் 100 பேரில் ஏறத்தாழ 4 முதல் 10 பேருக்கே அது கையில் உண்டாகிறது. அவர்களுள் ஒரு சாரார் திடகாத்திரமான இளைஞர். காறையெலும்பிற்கும் முதல் விலா எலும்பிற்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில், கையை உயர்த்தி உழைக்குந்தோறும் சிரை நசுங்கி, அதன் உட்சுவர் புண்பட்டு, இரத்தம் உறைகிறது. 1875-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பேஜெட்டும், 1884-இல் வியன்னாவின் ஷ்ரோட்டரும் விவரித்த இந்நோய், பந்து வீசுவோர், நீந்துவோர், எடை தூக்குவோர், கூரைக்கு வர்ணம் பூசுவோர் ஆகியோரிடம் காணப்படுவது. மற்றொரு சாரார், எண்ணிக்கையில் மிகுந்தவர், ஏற்கெனவே நோயாளிகள்: புற்றுநோய்க்கு மருந்து ஏற்றவும், டயாலிசிஸ் செய்யவும் பெரிய சிரையினுள் குழாய் செருகப்பட்டவர்களும், பேஸ்மேக்கர் கம்பி பொருத்தப்பட்டவர்களும் ஆவர்.

உயிர் காக்க வைக்கும் குழாயை வேண்டாமென்று மறுப்பது அறியாமை. ஆனால் அதனால் நேரக்கூடிய தீங்கை முன்னதாக அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழி, குறிப்பிடத்தக்க அபாயம் ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே உண்மையான சம்மதம் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, குழாய் எதற்காக, எத்தனை நாளுக்கு, கை வீங்கினால் யாரிடம் சொல்லவேண்டும் என்று கூச்சமின்றிக் கேளுங்கள். அது இன்னும் அவசியந்தானா என்று இடையிடையே விசாரியுங்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால், 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. கட்டி உண்டாயிற்று என்பது மாத்திரமே மருத்துவரின் குற்றமாகாது. முறையிட்ட பின்னரும் பரிசோதியாமல் அசட்டை செய்து அதனால் தீங்கு விளைந்திருந்தால், மாநில மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம். கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சையாயின், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம்.

பரிகாரமும் கைக்கெட்டாததன்று. டாப்ளர் ஸ்கேன் என்னும் வலியற்ற சோதனை பெரும்பாலும் கட்டியைக் காட்டிக் கொடுத்துவிடும். இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மருந்தைப் பொதுவாக 3 மாதமேனும் உட்கொள்ள வேண்டும். அம்மருந்து கட்டி மேலும் வளராமல் தடுக்க, தேகமே அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. உழைப்பினால் கட்டி உண்டான இளைஞருக்கு, முதல் சில நாட்களுக்குள் வந்தால், அதைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி, சிரையை நசுக்கும் விலா எலும்பை அகற்றும் சிகிச்சையும் உண்டு. குழாய் வைத்தவர் அதைத் தாமாகப் பிடுங்கலாகாது. தேவையானதாயின் அதை வைத்துக்கொண்டே வைத்தியம் செய்வதுண்டு. மருந்து உண்ணும் காலத்தில் மலம் கறுத்தாலும், ஈறில் இரத்தம் நில்லாது கசிந்தாலும், தலையில் அடிபட்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை விழுங்குவதும், வீக்கம் வடிந்ததென்று மருந்தை நிறுத்துவதும் கூடா. இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மருந்துகளுள் ஒன்றான வார்ஃபரினை உண்பவர் குறித்த நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, கீரையை நாள்தோறும் ஒரே அளவாக உண்ணுதல் நலம்.

வீங்கிய கையோடு திடீரென்று மூச்சுத்திணறலோ, மார்பு வலியோ, மயக்கமோ, இருமலில் இரத்தமோ கண்டால், ஒரு நாழிகையும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். மற்ற வேளைகளிலும், ஒரு கை மட்டும் காரணமின்றி வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்; உங்கள் வீட்டில் குழாயுடன் திரும்பிவந்த நோயாளி இருந்தால், அவருடைய இரு கைகளையும் தினமும் ஒப்பிட்டுப் பாருங்கள்.