அத்தை கேட்ட கம்மஞ்சோறு



நான் பிறந்தது மேலூர் பக்கம். 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்ததிலிருந்து எங்களுக்கு நெல்லுச்சோறுதான். வாக்கப்பட்டதோ பேரையூர் பக்கம், கரிசல் காட்டு ஊர். வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், குதிரைவாலிதான் அங்கே சாப்பாடு.

கல்யாணமான புதுசில் என் மாமியார் தட்டில் கம்மஞ்சோறு வைத்தார்கள். "எங்க வீட்டுல இதைக் கோழிக்குத்தான் போடுவோம் அத்தை" என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு மட்டும் தனியாக அரிசி உலை வைத்தார்கள்.

இப்போது நாங்கள் மதுரையில் குடியிருக்கிறோம். போன வருஷம் அத்தை கீழே விழுந்து, எங்களோடு வந்து விட்டார்கள். இட்லி, ரசம் சோறு எது கொடுத்தாலும் இரண்டு வாய்தான். ஒருநாள், "கொஞ்சம் கம்மஞ்சோறு காய்ச்சித் தர முடியுமா தாயி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். என்னிடம் கேட்கவே பயந்திருக்கிறார்கள்! எனக்குச் சுருக்கென்றது.

கடையில் கம்பு மாவு வாங்கிக் காய்ச்சினேன். ஒரே கசப்பு. அத்தை சிரித்துவிட்டு, "கம்புல எண்ணெய்ப் பசை ஜாஸ்தி. மாவாக்கி வச்சா சீக்கிரம் சிக்கு வாடை வந்து கசக்கும். அன்னன்னைக்கு இடிக்கணும்" என்றார்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு டம்ளர் கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறிப் பத்து நிமிஷம் வைக்க வேண்டும். உரல் இல்லாததால் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று. சொளகில் புடைத்து உமியை நீக்கி, மறுபடி குருணையாக அரைக்க வேண்டும். நாலு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு, குருணையைத் தூவிக் கட்டி தட்டாமல் கிண்டி, சிறு தீயில் வேக விட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால், மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் போதும்.

அன்று அத்தை இரண்டு உருண்டை சாப்பிட்டார்கள். எனக்கும் ஒன்று கரைத்துத் தந்தார்கள். வெயிலுக்கு வயிறு குளுகுளு என்றிருந்தது. தீட்டிய அரிசியை விடக் கம்பில் இரும்புச் சத்தும் அதிகம். 2023ஆம் வருஷத்தை ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாக அறிவித்ததே!

இத்தாலி நாட்டின் தெற்கேயும் ஏழை வீடுகளில் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளி, வெங்காயம், ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சாப்பிட்டார்கள். இன்று அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே பெருமை. நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?

அன்று சொன்ன வார்த்தைக்கு நான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. வாரம் இரண்டு நாள் கம்பு இடிக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் கேட்கும் முன்னே நீங்கள் கேளுங்கள், "உங்க ஊர்ல என்ன சாப்பிடுவீங்க?" என்று.

— ஒரு வாசகி, மதுரை