முத்திரையைப் பாருங்கள், எண்ணையும் படியுங்கள்



பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் நம் வயல்களுக்குப் பாய்கிறது. கூடலூரிலிருந்து தேனி வரை இன்று கரண்டு இல்லாத வீட்டைக் காண்பது அரிது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தால் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் ஏழை வீட்டுக்கும் வந்தன. வாட்டர் ஹீட்டர் கம்பி, செல்போன் சார்ஜர் என்று நாமே வாங்கிச் சேர்த்தவையும் பல. வசதி வந்தது நல்லதே. ஆனால் கைக்குழந்தை தவழும் வீட்டில், கர்ப்பிணிக்கு வெந்நீர் போடும் வீட்டில், மட்டமான மின்பொருள் ஒன்று இருந்தாலும் அது உயிருக்கு ஆபத்து.

மட்டமான பொருளில் என்ன குறை?

ஹீட்டர் கம்பியைப் பாருங்கள். வெளியே தெரிவது உலோகக் குழாய். உள்ளே சூடாகும் சுருள் இருக்கிறது. இரண்டும் ஒட்டாதபடி, மின்சாரம் பாயாத ஒரு தூளை நடுவில் இறுக்கி அடைத்திருப்பார்கள். தூள் குறைந்தாலோ, ஈரம் உள்ளே புகுந்தாலோ, கரண்டு தண்ணீருக்கு வந்துவிடும்.

சார்ஜரின் வேலை, 230 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட் போன்ற சிறிய அளவுக்கு இறக்குவது. இரு பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளியும் காப்பும் வேண்டும். போலிச் சார்ஜரில் இதில்தான் காசு மிச்சம் பிடிப்பார்கள். அப்போது வீட்டுக் கரண்டு செல்போனுக்கும், அதைப் பிடித்த கைக்கும் வரலாம்.

இந்தக் குறைகள் கண்ணுக்குத் தெரியாது. சோதனைக் கூடத்தில்தான் தெரியும். அதற்காகவே முத்திரை.

எந்த முத்திரையைப் பார்ப்பது?

1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே ‘ஐ.எஸ்.ஐ.’. 1987 முதல் அந்த வேலையை பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் செய்து வருகிறது. முத்திரையின் பெயர் மட்டும் பழையபடியே நிலைத்துவிட்டது. ஹீட்டர் கம்பி, அயர்ன் பாக்ஸ், வீட்டு ஒயர், சுவிட்ச் ஆகியவற்றை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது.

முத்திரைக்கு மேலே ஐ.எஸ். என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது எந்தத் தர விதிப்படி செய்தது என்பதைச் சொல்லும். ஒயருக்கு 694, பிளக்குக்கு 1293. கீழே சி.எம்., எல். என்ற ஆங்கில எழுத்துகளோடு உரிம எண் இருக்கும். முத்திரை மட்டும் இருந்து எண்கள் இல்லையென்றால் வாங்காதீர்கள். படத்தை அச்சடிக்க யாராலும் முடியும்.

செல்போன், சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கு வேறு முறை. 2012-இல் வந்த ஆணையை ஒட்டி, இவை படிப்படியாகக் கட்டாயப் பதிவுக்குள் வந்தன. இவற்றில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும்.

சிலர் ‘சி.இ.’ என்ற எழுத்தைக் காட்டி, “ஃபாரின் தரம்ணே” என்பார்கள். அது ஐரோப்பிய நாடுகளுக்கான குறி. நம் நாட்டு முத்திரைக்கு அது ஈடாகாது.

எண் உண்மையா என்று எப்படி அறிவது?

செல்போனில் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியை இறக்கி, எண்ணைப் போடுங்கள். கம்பெனிப் பெயரும் பொருளின் பெயரும் வரும். கையிலிருக்கும் பொருளோடு ஒத்துப் பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

“என்னங்க, நூறு ரூபாய் கம்மின்னு வாங்கிட்டு வந்துட்டீங்களே, நம்பர் பாத்தீங்களா?” என்று மனைவி கேட்டால் கணவர் கோபிக்க வேண்டாம். கேட்பது பிள்ளைகளின் நன்மைக்குத்தான்.

வாங்கிய பின்

நல்ல முத்திரை இருந்தாலும் தவறாகக் கையாண்டால் ஆபத்தே.

• ஹீட்டர் கம்பியைத் தண்ணீரில் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். “சூடாச்சான்னு பாப்போம்” என்று விரலை விடாதீர்கள்.

• மூன்று முள் பிளக்கின் பெரிய முள் எர்த்துக்கு உரியது. அதை வெட்டிவிட்டுச் சொருகாதீர்கள்.

• சார்ஜர் ஒயரைப் பிளக்கில் தொங்கவிடாதீர்கள். தவழும் குழந்தை வாயில் வைக்கும்.

ஷாக் அடித்தால்

பதறிப் போய்த் தொடாதீர்கள். தொட்டால் உங்களையும் பிடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவே வேகமாக விடாமல் அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஷாக் இதயத் துடிப்பைக் கெடுத்திருக்கலாம்.

இன்று மாலையே வீட்டிலுள்ள ஹீட்டர் கம்பியையும் சார்ஜரையும் எடுத்து, இருவருமாகத் திருப்பிப் பாருங்கள். எண் இல்லாததை ஒதுக்கிவிடுங்கள். அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லுங்கள்.