ஏ.எஃப்.பி. நார்மல்... அப்புறம் ஸ்கேன் எதற்கு?

கமுந்திங்கில் எங்கள் வரிசை வீட்டுக்காரர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாக ஹெப்பாடைட்டிஸ் பி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைப்பிங் போய் இரத்தம் கொடுத்து, வயிற்று ஸ்கேனும் எடுத்து வருவார். போன முறை முடிவுத் தாளை என்னிடம் நீட்டினார். "ஏ.எஃப்.பி. நார்மல்னு போட்டிருக்கு தம்பி. அப்புறம் ஸ்கேன் எதுக்கு? ஒரு நாள் சம்பளம் போகுதே!"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

கல்லீரல் ஒரு புரதத் தொழிற்சாலை. அல்புமினும், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் தயாராகின்றன. தாய் வயிற்றில் இருக்கும்போது சிசுவின் கல்லீரல் இன்னொரு புரதத்தையும் ஏராளமாகச் செய்யும். அதுதான் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி. பிறந்த பிறகு அந்த வேலை அடங்கிவிடும். கல்லீரல் செல் புற்றுநோயாக மாறும்போது, அடங்கியது மறுபடி விழித்துக்கொள்ளலாம். 1963-இல் சோவியத் விஞ்ஞானி கார்ரி அபெலெவ், கல்லீரல் கட்டி வந்த எலிகளிடம் இதைக் கண்டார். சீக்கிரமே யூரி தத்தாரினோவ் நோயாளிகளின் இரத்தத்திலும் கண்டார்.

ஆனால் எல்லாக் கட்டியும் இப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆரம்பநிலையில் பலருக்கு ஏ.எஃப்.பி. ஏறுவதே இல்லை. கல்லீரல் அழற்சி கூடினாலோ, கர்ப்பமாக இருந்தாலோ புற்றுநோய் இல்லாமலேயே ஏறும். அதனால்தான் ஸ்கேன். இரத்தம் வாய் திறக்காதபோதும், சிறு கட்டியை அது பிடித்துவிட வாய்ப்புண்டு. சிறியதாக இருக்கும்போதே கண்டால் வெட்டியெடுக்கலாம், சூடேற்றிக் கருக்கவும் செய்யலாம். ஒரு நாள் சம்பளம் அதற்குப் பெரிய விலையா?

வேறு புரதங்களையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இரத்தம் உறைய உதவும் புரோத்ரோம்பினைக் கல்லீரல் முழுமையாக்க வைட்டமின் கே வேண்டும். புற்றுச் செல்கள் அதை அரைகுறையாகவே வெளியே விடுகின்றன. பிவ்கா-2 என்ற பரிசோதனை அந்த அரைகுறைச் சரக்கைத்தான் அளக்கிறது. (வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது ஏறும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.) கிளிப்பிகன்-3 இன்னொன்று. ஆரோக்கியமான பெரியவர்களின் கல்லீரலில் அநேகமாக இல்லாத இது, பல கட்டிகளில் தலைகாட்டும். ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு ஆரம்பப் புற்றா, வெறும் முடிச்சா என்று தீர்மானிக்க உதவுகிறது.

நம்மவர்களிடம் கல்லீரல் என்றதும் கீழாநெல்லிப் பேச்சு வந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பெற்ற பாரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். 1988-இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு உற்சாகமூட்டியது. ஆனால் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

தைவான் 1984-இல் பச்சிளம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது; அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. மலேசியாவில் 1989-இல் தொடங்கியது. அதற்கு முன் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்குப் பிறந்தவுடன் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. சம்சு குடித்துக் கல்லீரல் சுருங்கியவர்களும், நீரிழிவோடு கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டியவர்கள்தான். வீட்டில் 1989-க்கு முன் பிறந்தவர்கள் இருந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது ஹெப்பாடைட்டிஸ் பி இரத்தப் பரிசோதனையைக் கேட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.